கொடிக்காலில் வந்திறங்கிய கேள்விகள்

அந்த வருஷம் தை மாதத்தில், குருக்கத்தித்துறை மக்கள் தங்கள் செல்போன்களில் தட்டிக் கேட்ட கேள்விகள் ஊர்க் கொடிக்காலில் வந்து இறங்கத் தொடங்கின. காவிரிக் கரையோரம், வாழைக்கும் கரும்புக்கும் நடுவே, குப்பண்ணன் ஆறு ஏக்கரில் வைத்திருந்த வெற்றிலைத் தோட்டம் அது. அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேலும் கொடிகள் ஏறியிருக்கும். நடுப்பகலிலும் உள்ளே பச்சை இருட்டும் ஈரக் குளிர்ச்சியும் நிறைந்திருக்கும். செருப்புக் காலோடு யாரும் உள்ளே நுழைவதில்லை. முதல் நாள் காலை அங்கே இலை பறித்துக்கொண்டிருந்த ராசாமணி, கட்டை விரலில் மாட்டியிருந்த தகர நகத்தால் ஒரு காம்பைக் கிள்ளி, இலையைத் திருப்பி, அதன் பளபளத்த முகத்தில் நரம்போடு நரம்பாகக் கடுகளவு எழுத்துகளில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

“நகையை அடகு வைப்பது நல்லதா, விற்பது நல்லதா?”

ராசாமணி பன்னிரண்டாம் வகுப்பை முதல் வகுப்பில் தேறியவள். எழுத்து எங்கே இருந்தாலும், கடலை மடித்த காகிதத்தில் இருந்தாலும், அதில் பிழை இருக்கிறதா என்று பார்க்காமல் அவளால் நகர முடியாது. பிழை இல்லை. ஆகவே இலையைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததைக் கிள்ளினாள். முப்பத்தெட்டு வயதில் நர்சிங் படிக்க இடம் கிடைக்குமா என்று அது கேட்டது. சம்பளத்தைக் கூட்டித் தரும்படி முதலாளிக்குக் கோபம் வராமல் கேட்பது எப்படி என்று அதற்கடுத்தது கேட்டது. மச்சான் கேட்கும் ஜாமீன் கையெழுத்தைப் போடாமல் உறவையும் காப்பாற்றுவது எப்படி, காப்பீட்டை நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும், ராஜினாமாக் கடிதத்தை எப்படித் தொடங்குவது, பி.காம். படித்த பையனுக்கு எந்த ஊரில் வேலை இருக்கிறது, ஐயாயிரம் ரூபாயில் ஒரு மாதத்தை ஓட்டுவது எப்படி என்று கொடி கொடியாக, மரம் மரமாக, இலைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டன. காற்று வந்தபோது அத்தனை கேள்விகளும் ஒரே சமயத்தில் அசைந்து அடங்கின.

பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த மயிலாத்தாள் எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் ஓர் இலையை நீட்டிக் காட்டினாள்.

“அம்மிணி, பூச்சி முட்டை வெச்சிருக்குது பாரு.”

“முட்டையில்லீங்க அக்கா. கேள்வி.”

“யாரு கேக்கறாங்க?”

“பேரு போடலைங்க.”

“பேரு போடாமக் கேட்டா எந்தச் சீமான் பதில் சொல்லுவான்?” என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் மறுபடியும் பறிக்கத் தொடங்கினாள். கூலி இலைக்குத்தான், எழுத்துக்கு இல்லை.

குப்பண்ணன் வந்து பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் புரட்டிக்கொண்டே போனவர், வாய்க்கால் ஓரத்தில் ஓர் இலையைக் கண்டதும் நின்றார். கொடிக்காலை அழித்துவிட்டு வாழை வைத்தால் ஏக்கருக்கு என்ன லாபம் என்று அந்த இலை கேட்டது. முந்தின நாள் கட்டிலில் சாய்ந்தபடி, பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல், அவர் செல்போனில் தட்டிப் பார்த்த கேள்வி அது. நாற்பது பெண்களுக்கு அந்தக் கொடிக்கால்தான் பிழைப்பு. அவர் அந்த இலையை மட்டும் கிள்ளி மடியில் செருகிக்கொண்டு, இது ஒருவகை நோய் என்று அறிவித்தார்.

நோய் என்றால் மருந்து உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளின்மேல் தெளித்தார்கள். மறுநாள் காலை எழுத்துகள் நீலமாகி, முன்னிலும் தெளிவாகத் தெரிந்தன. முதல் நாள் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர்களும் அன்று படித்தார்கள். அதன்பின் வேளாண்மை அலுவலர் பிரிசில்லா ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் பூதக்கண்ணாடியோடு கொடிக்காலுக்குள் நுழைந்தவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். விருப்ப ஓய்வை எந்த வயதில் கேட்டால் பென்ஷன் குறையாது என்று அவரே கேட்டிருந்த கேள்வி உள்ளே ஓர் இலையில் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ‘நோய் எதுவும் இல்லை, கொடிகள் நலமாக உள்ளன’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். அரசாங்கமே நோயில்லை என்று எழுதிக் கொடுத்தபிறகு ஊரில் யாரும் மேற்கொண்டு ஆராயவில்லை. கேள்வி என்றால் எங்கேயாவது போய் இறங்கித்தானே ஆக வேண்டும் என்றார்கள். கடலிலும் பாலைவனத்திலும் இறங்காமல் வெற்றிலையில் வந்து இறங்கியதே கௌரவம் என்றும் சிலர் பேசிக்கொண்டார்கள்.

அந்த இலையை மென்றால் என்ன ஆகும் என்பது குப்பண்ணன் வழியாகத் தெரியவந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பழக்க தோஷத்தில் கூடையிலிருந்து ஓர் இலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்ப்பதா, வந்திருக்கும் வரனுக்குக் கட்டிக் கொடுப்பதா, கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தானே போதும் என்று களத்தில் மேற்கும் கிழக்குமாக நடந்தார். அவருக்கு மூன்று பையன்கள், மகளே கிடையாது. “இல்லாத புள்ளைக்கு இத்தனை விசாரமா?” என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தாங்க முடியாமல் கொடிக்காலுக்குள் போய் நின்று, தன் மகளைப் பற்றியே பேசுவதுபோல உரத்த குரலில், “படிக்க வெய்யி. வரன் நாளைக்கும் வரும், காலேஜ் சீட்டு நாளைக்கு வராது,” என்றார். சொன்ன மாத்திரத்தில் அந்தக் கவலை அவரை விட்டு இறங்கியது. வேலிக்கு வெளியே, வாழைத் தோப்புப் பக்கம், யாரோ ஒருவர் விசும்பி அழுதுவிட்டு வேகமாக நடந்து போகும் சத்தம் கேட்டது. யார் என்று குப்பண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று நாள் அந்தப் பாரத்தைச் சுமந்தவருக்கு அந்த ஆளின் முகத்தைப் பார்க்கும் துணிவு இல்லை.

அன்றிலிருந்து ஒரு முறை ஏற்பட்டது. எழுதிய இலையைக் கிள்ளியவர் யாரோ, அவரே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொருவர் கையில் தள்ளிவிடக் கூடாது; படிக்கத் தெரியாதவர்கள் எழுத்துள்ள இலையைக் கிள்ளாமல் விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், செல்போனை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுக் கொடிக்காலுக்குள் போய், கேள்வியை முதலில் உரக்கப் படித்து, பிறகு பதிலைச் சொல்ல வேண்டும். கேட்டவர் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்வார். கேட்டவர் இன்னார் என்று தெரியாமல் இருப்பதற்காக ஊர் முழுவதும் வந்து நிற்க வேண்டும். பெயர் கேட்கக் கூடாது, ஊகிக்கவும் கூடாது. பதில் பொருத்தமாக இருந்தால் எழுத்து மங்கி மறைந்து இலை வெறும் இலையாகிவிடும். பிறகு அதைக் கட்டி விற்கலாம். அப்படிப் பதில் சொல்லப்பட்ட இலையில் காரம் குறைந்து ஓர் இனிப்பு தட்டுகிறது என்று கரூர்ச் சந்தையில் பேச்சுக் கிளம்பி, விலை ஏறி, குப்பண்ணன் வாழையைப் பற்றிய யோசனையைக் கைவிட்டார்.

அதற்காக யாரும் செல்போனில் கேட்பதை நிறுத்திவிடவில்லை. வட்டி விகிதத்தையும், வயது வரம்பையும், விண்ணப்பத்தின் கடைசி நாளையும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் சொன்னது. சொன்னதில் பெரும்பாலும் பிழையும் இருக்கவில்லை. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமைக்கும் காத்திருந்தார்கள். மாசி மாதம் முடிவதற்குள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலியைச் சுற்றி அறுநூறு பேர் நிற்பார்கள். மூச்சுவிடும் ஒலிகூடக் கேட்காது. பச்சை இருட்டுக்குள்ளிருந்து, ஆள் தெரியாமல், ஒரு குரல் மட்டும் எழுந்து, முன்பின் தெரியாத ஒருவருடைய அச்சத்தைத் தன்னுடையதாகப் படிக்கும். அப்போது அந்த அறுநூறு பேரும் தங்களுடையதுதானோ அது என்று ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். கோயில் கருவறையில் தீபம் காட்டும்போதுகூட அந்த ஊர் அவ்வளவு மௌனமாக நின்றதில்லை.

அங்கே பதில் சொல்பவர்களில் ராசாமணிக்குப் பெயர் பரவியது. அவள் வளவளவென்று பேசமாட்டாள். சம்பளம் கூட்டிக் கேட்பது எப்படி என்ற இலைக்கு, “நீங்க ஒரு நாள் லீவு போட்டா அங்க எந்த வேலை நிக்கும்னு எழுதிப் பாருங்க. ஒண்ணும் நிக்காதுன்னா, கேக்கறதுக்கு முன்னால வேற வேலையைக் கத்துக்கங்க,” என்றாள். ஜாமீன் கையெழுத்துக் கேட்கும் மச்சானைப் பற்றிய இலைக்கு, “கையெழுத்து வேண்டாம், உங்களால முடிஞ்சதைக் கையில கொடுத்துட்டு அதை மறந்துருங்க,” என்றாள். அவள் கையில் இருந்த இலைகள் சொன்ன மாத்திரத்திலேயே வெளுத்தன. அவளே செல்போனில் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அவள் கணவர் செங்கோடன் நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வெல்டர். சம்பளம் ஒன்றாம் தேதி தவறாது. ஒரே மகள் சேலத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கேள்வி இல்லாத வீடு தன்னுடையது என்பதில் அவளுக்குச் சற்றுக் கர்வம் இருந்தது. அதை அடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை அவள் கையில் ஓர் இலை இருந்தது. ‘போன வருஷமே வேலையை விட்டுவிட்டேன். சேமிப்பில் சமாளிக்கிறேன். வீட்டில் சொல்லாமல் இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?’ அவள் அதைப் படித்துவிட்டு, ஒரு நொடியும் யோசிக்காமல் பதில் சொன்னாள்.

“ஒரு நாளும் ஓட்டப்படாது. வேலை போறது குத்தமில்லை. பொய்யைச் சொல்லிப்போட்டுச் சோத்துக்கு வந்து உக்காரறதுதான் குத்தம். என் வூடா இருந்தா அந்தச் சோத்தை நாய்க்கு வெச்சுட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன்.”

வேலிக்கு வெளியே கை தட்டினார்கள். அந்தக் கொடிக்காலில் கைதட்டல் எழுந்தது அதுவே முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில், இலையில் எழுத்து மங்குகிறதா என்று அவள் பார்க்கவில்லை. கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, வாய்க்காலை ஒட்டிய ஒரு மரத்தில், ஒரே கொடியில் அடுத்தடுத்து முப்பது இலைகளில் எழுத்து இருப்பதைக் கண்டாள். கேட்டவர் தம் செல்போனில் எழுத்தை எந்த அளவில் வைத்திருக்கிறாரோ அதே அளவில்தான் இலையிலும் அது இறங்கும் என்பது ஊருக்குத் தெரிந்த செய்தி. இத்தனை பெரிய எழுத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஓர் இலைக்கு ஒரு சொல், நெருக்கிப் பிடித்தால் இரண்டு. அடியிலிருந்து மேலே கிள்ளிக்கொண்டே, கிள்ளக் கிள்ள அவள் படித்தாள்.

‘வெல்டிங் வெளிச்சத்தில் கண் மங்கி வேலை போய்விட்டது. மூன்று மாதமாகச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதுபோல் போய் வருகிறேன். பி.எஃப். பணத்தைச் சம்பளம் என்று கொடுக்கிறேன். ஆவணியோடு தீர்ந்துவிடும். சேலத்தில் மகளுக்குப் படிப்பு பாக்கி இருக்கிறது. என் மனைவி பொய்யை மன்னிக்கமாட்டாள். எப்படிச் சொல்வது?’

மேலே இருந்த இலைகளுக்கு ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. ‘மன்னிக்கமாட்டாள்’ என்ற சொல் மட்டும் ஓர் இலையில் அடங்காமல் அடுத்ததிலும் நீண்டிருந்தது. ஏணியின் நான்காம் படியில் நின்றுகொண்டு அவள் அந்த இரண்டு இலைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஊகிக்கக் கூடாது என்ற முறையை அந்த ஊரில் அவளளவுக்குக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர் எவரும் இல்லை. அதை அன்று அவளால் கடைப்பிடிக்க முடியவில்லை.

செங்கோடன் வழக்கம்போல் ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்திருந்தது. இருபத்திரண்டு வருஷம் எச்சிலோடு வந்த பாத்திரம் மூன்று மாதமாகத்தான் இப்படிக் கழுவி வருகிறது. வயதாக ஆக மனுஷனுக்குப் பொறுப்பு வந்திருக்கிறது என்று அவள் அதற்குப் பொருள் கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு வேலை எப்படீங்க?” என்றாள்.

“ரெண்டு வண்டி. ஒண்ணு டேங்கர், புள்ள. டேங்கருன்னா வெளியே நின்னுட்டுப் பத்த வெக்க முடியாது. உள்ள எறங்கோணும்.”

“யாரு எறங்குனா?”

“வேற யாரு, நாந்தேன். புதுப் பசங்க பயப்படறானுக.”

“உள்ள காத்து இருக்குமுங்களா?”

“ஃபேன் வெச்சு விடுவாங்க.” சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சிரித்தார். “ஃபேன்காத்துக்கே பாதிச் சம்பளம் போகும்னு முதலாளி சொல்றாரு.”

இல்லாத டேங்கருக்குள் இல்லாத மின்விசிறியை அவர் இவ்வளவு பொறுப்பாக வைத்தது அவளைத் திடுக்கிட வைத்தது. ஒரு கணம் அந்தத் தட்டை இழுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டிவிடலாம் என்று கை எழுந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், ரசக் கிண்ணத்தைத் தேடிய அவர் கையை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பறித்துக்கொண்டே மயிலாத்தாளிடம் கேட்டாள்.

“அக்கா, பொய் சொல்ற ஆளுக்கு என்னங்க பதில் சொல்றது?”

“நீதான் பங்குனியிலயே சொல்லிப்போட்டியே. நாய்க்கு வெக்கச் சொல்லி. எங்கூரு நாயெல்லாம் அன்னைக்கிருந்து உன்னைக் கண்டா வாலை ஆட்டுது.”

“வெளயாடாதீங்க அக்கா.”

மயிலாத்தாள் கையிலிருந்த இலைகளை அடுக்கி, நார் உரித்து, ஒரு கட்டுப் போட்டபிறகுதான் பேசினாள்.

“நீ உள்ளாற நின்னு சொல்றவ. வெளிய நிக்கறவங்க மூஞ்சி உனக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறதால நான் எப்பவுமே வெளியதான் நிக்கறேன். அன்னைக்கு எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு ஆளு மட்டும் வேலிக்கொம்பைப் புடிச்சுட்டு நின்னாரு. கூட்டம் கலைஞ்ச பொறவும் விடலை. சொல்லோணும்னுதான் வந்திருந்தாரு போல. வாயில வெச்சிருந்ததை அப்படியே முழுங்கிட்டுப் போனாரு.”

“யாருங்க அது?”

“பேரு கேக்கப்படாதுன்னு சட்டம் போட்டது நீங்கல்லாந்தான்,” என்றாள் மயிலாத்தாள். “அந்த இலை என்னாச்சு அம்மிணி? வெளுத்துதா?”

ராசாமணி அடுத்த இலையைக் கிள்ளினாள். மாலையில் கொட்டகைக்குப் போய், விற்காமல் ஒதுக்கி வைத்திருந்த பழைய கூடைகளைக் கிளறினாள். மூன்று மாதத்துக்கு முந்தின இலை. வெற்றிலை மூன்று மாதம் வாடாமல் இருக்காது. அது வாடவில்லை. பறித்த நாளின் பச்சையோடு, ஓர் எழுத்தும் மங்காமல், இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. கை தட்டல் வாங்கிய தன் பதில் கேட்டவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும், அது போய்ச் சேர்ந்த ஒரே ஆள் வேலிக்கொம்பைப் பிடித்து நின்றவர்தான் என்பதையும் அவள் அந்தக் கொட்டகையில் நின்றபடி விளங்கிக்கொண்டாள். கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். கொடி முழுதும் ஓடிய பெரிய எழுத்தைப் பற்றி ஊர் கேள்விப்பட்டிருந்தது. செங்கோடனும் வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே வந்து, டிபன் பாக்ஸோடு கூட்டத்தின் நடுவில் நின்றார். ராசாமணி உள்ளே போனாள். ஆற்றின்மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கொடிக்காலுக்குள் அது ஊசி ஊசியாக இறங்கி, இலைகளின் ஓரங்களை மட்டும் தொட்டது.

முறைப்படி கேள்வியை முதலில் படித்தாள். கண் மங்கியதை, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவதை, ஆவணியோடு தீரும் பணத்தை, சேலத்துப் படிப்பை, ஓர் இலையை மாற்றி ஓர் இலையாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் விடாமல் படித்தாள். ‘என் மனைவி பொய்யை மன்னிக்கமாட்டாள்’ என்பதையும் தன் குரலிலேயே படித்தாள். அந்தக் குரலை வெளியே நின்று கேட்கும் ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாள். பிறகு பேசினாள்.

“பதிலுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும். பங்குனி ரெண்டாம் வெள்ளிக்கிழமை இங்க நின்னு ஒரு பதில் சொன்னேன். எல்லாரும் கை தட்டினீங்க. அது தப்பான பதிலு. இலை இன்னும் வெளுக்கலை. அதை நான் திருப்பி எடுத்துக்கறேன்.”

சொன்ன பதிலை அங்கே யாரும் அதுவரை திருப்பி எடுத்ததில்லை. எடுக்கலாமா என்று முறையில் சொல்லப்படவும் இல்லை. வேலிக்கு வெளியே ஒரு சலசலப்பு எழுந்து, தானே அடங்கியது.

“இப்ப இந்தக் கேள்வி. எப்படிச் சொல்றதுன்னு கேட்டிருக்கறீங்க. செல்லுல பார்த்திருப்பீங்க, மனசு விட்டுப் பேசுங்கன்னு போட்டிருக்கும். சரியாத்தான் போட்டிருக்கான். ஆனா வாய்க்குள்ள மூணு மாசம் கெடந்த சொல்லு லேசுல வெளிய வராது. அதனால நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குப் போகாதீங்க. வூட்டுலயே உக்காருங்க. அவ என்னன்னு கேட்டா, அப்பச் சொல்லுங்க. கேக்காமத் தட்டைக் கொண்டாந்து வெச்சா, அவளுக்கு எல்லாம் தெரியும்னு அர்த்தம். சாப்பிடுங்க.”

கையிலிருந்த இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டாள்.

“வேலையைப் பத்தி. இலையை எண்ணி அடுக்கிக் கட்டறதுக்குக் கண்ணு வேண்டாம். விரலு போதும். நூறு இலை இருக்குதான்னு கட்டை விரலே சொல்லும். இந்தக் கொடிக்கால்ல கட்டறதுக்கு ஆள் பத்தலை. தோட்டத்துக்காரரே வெளிய நிக்கறாரு, வேணும்னாக் கேட்டுக்கங்க. கண்ணை முதல்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. மகளுக்கு மிச்சம் இருக்கற ரெண்டு வருஷத்தை ரெண்டு பேரு கூலியில பார்த்துக்கலாம். அவகிட்டயும் மறைக்க வேண்டாம். படிக்கற புள்ளைக்குப் புரியும்.”

கையிலிருந்த முப்பது இலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளுப்பதை அவள் பார்த்தாள். ‘மன்னிக்கமாட்டாள்’ இரண்டு இலைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் போயிற்று.

வெளியே போகத் திரும்பியபோதுதான் அது நடந்தது. கேள்விகள் விடியலில் எழுதிக் கிடப்பதைத்தான் ஊர் பார்த்திருந்ததே தவிர, ஒன்று வந்து இறங்குவதை அதுவரை எவரும் பார்த்ததில்லை. அவள் கண்ணெதிரே, முழங்கால் உயரத்தில் இருந்த ஓர் இலை, காற்றே இல்லாமல் சிலிர்த்தது. அதன் நடுநரம்பிலிருந்து ஈரம் கசிவதுபோலக் கருமை கசிந்து, வளைந்து, ஒரு சுழியாகி, ஒரு காலாகி, பெரிய பெரிய எழுத்தாகத் திரண்டது. ‘நாளைக்கு’ என்று அந்த இலை சொன்னது. அதற்கு மேலே இருந்த இலை சிலிர்த்து ‘எத்தனை’ என்றது. அதற்கும் மேலே, அவள் இடுப்பளவில், ‘மணிக்கு’. தேடித் தேடித் தட்டும் விரலின் தயக்கத்தோடு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நெடுநேரம் நின்று நின்று, கேள்வி கொடியில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் முகத்துக்கு நேரே இருந்த இலையில் அது வந்து முடிந்தது.

‘எந்திரிக்கட்டும்?’

கேள்வியைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது முறை. அவள் அதைப் படிக்கவில்லை; இலையைக் கிள்ளவும் இல்லை.

“எப்பவும் போல அஞ்சு மணிக்கு,” என்றாள் கொடியைப் பார்த்து. “காப்பி நானே வெச்சுத் தாரேன்.”

சொன்ன பிறகே அதன் பொருள் அவளுக்கு உறைத்தது. வெளியே நின்ற அத்தனை பேருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். இத்தனை காலம் கட்டிக் காத்த மறைவை அவள் தன் வாயாலேயே கிழித்துவிட்டாள்; இனி யார் எங்கே திரும்பினாலும் பார்வை ஒரே ஆளின்மேல் போய் விழும். அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை. ஏராளமான கால்கள் மணலில் ஒரே சமயத்தில் இடம் மாறும் ஓசை மட்டும் எழுந்தது. கண்ணைத் திறந்து கொடிகளின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். குப்பண்ணனும் மயிலாத்தாளும் பிரிசில்லாவும், வெளியூர்க்காரர்களும், இடுப்புக் குழந்தைகளைத் தோளுக்கு மாற்றிக்கொண்ட பெண்களும், அத்தனை பேரும் கொடிக்காலுக்கு முதுகைக் காட்டி, காவிரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாலை வெயில் அந்த முதுகுகளின்மேல் ஒன்றுபோலப் படிந்திருந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை.

வேலியின் படல் திறந்தது. செங்கோடன் உள்ளே வந்தார். வெளிச்சத்திலிருந்து பச்சை இருட்டுக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டார். பிறகு இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, ஒரு மரத்தைத் தொட்டு, அதிலிருந்து அடுத்த மரத்துக்கு நடுவே இருந்த வெறுமையைத் துழாவி, அதையும் தொட்டு, முகத்தில் இலைகள் உரச உரச நடந்தார். தான் பதினைந்து அடி தூரத்தில் நேர் எதிரே நிற்பது அவருக்குத் தெரியவில்லை என்பதை ராசாமணி பார்த்தாள். எத்தனை நாளாக இப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப் போய்க் கையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் தாமாகவே வந்துகொண்டிருந்தார். ஆகவே நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, தன் குரல் அவருக்குப் பிடிகயிறாக இருக்கட்டும் என்று பேசத் தொடங்கினாள்.

“நேரா வாங்க,” என்றாள். “எடக்கைப் பக்கம் வாய்க்கால், பார்த்து. இன்னும் நாலு மரம்.”